மாமியின் ஞாயிற்றுக்கிழமையை நான் தொலைத்த மலை

நாகர்கோவில் பக்கம் கருங்கல் என்ற ஊரில் பிறந்தவனிடம் பாலைநிலப் பயணத்தின் திட்டத்தை ஒப்படைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலின் கோபுரம் மறையும் முன்பே அடுத்த கோயிலின் மணி கேட்டுவிடும் (நான் சொல்வது வேதக்கோயில், அதாவது தேவாலயம்). உலகம் முழுவதும் அப்படித்தான் என்று முப்பத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு நானும் மனைவி ஜெபாவும், அவள் அம்மாவான மாமியை அழைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தோம். அடிலெய்டில் இருந்த அளியன் (மனைவியின் அண்ணனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்; அவரும் என்னை அப்படியே கூப்பிடுவார்) வடக்கே ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரைக் காட்டுவதாகச் சொன்னார். சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்புவது. மாமி உடனே மறுத்துவிட்டார்.

எங்கள் சபையில், ஆண்டு முழுவதும் ஒரு ஞாயிறு ஆராதனையும் தவறாதவர்களுக்குப் பரிசு உண்டு. வெளியூர் போனால் அங்குள்ள போதகரிடம் சீட்டு வாங்கி வர வேண்டும். மாமி பத்தொன்பது ஆண்டுகள் தவறியதில்லை. மாமாவை அடக்கம் செய்த மறுநாள் ஞாயிறு, அன்றும் போனார். இருபதாம் ஆண்டுக்கு மேடையில் சால்வை போர்த்துவதாகச் சபையில் சொல்லியிருந்தார்கள். இன்னும் ஏழு ஞாயிறுகள்தான் பாக்கி.

"அந்த மலையில கோயில் உண்டா?" என்றார் மாமி.

"உண்டு மாமி. நான் பொறுப்பு."

என் ஆதாரம், நூலகத்தில் கிடைத்த நூறாண்டுக்கு மேல் பழைய பயண நூல் ஒன்று. மலையடிவாரத்து ஊர் ஒன்றின் கோயிலைப் பற்றி அதில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. கல்சுவர், மர இருக்கைகள், காலை பத்து மணிக்கு ஆராதனை. பிரதி எடுத்து, அடிக்கோடிட்டு, நிமிடக் கணக்குடன் அட்டவணை தயாரித்தேன். இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று அளியன் கேட்டார். "அச்சில் வந்ததைவிடவா?" என்றேன். (நாட்குறிப்பில் இந்த வாக்கியத்தைப் பிற்பாடு சிவப்பு மையால் கட்டம் கட்டினேன்.)

சனிக்கிழமை இரவு வழியில் ஒரு சிற்றூரில் தங்கி, ஞாயிறு காலை 8.10க்குக் கிளம்பினோம். மாமி கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, பாட்டுப் புத்தகம், குடையுடன் முன் இருக்கையில். இருபுறமும் செம்மண். தோல் உரிந்த முதுகெலும்பு போல மலைகள். ஆறு என்று பலகை வைத்த இடங்களில் வெறும் கற்கள். எதிரே வந்தது மொத்தம் ஒரு லாரி.

"ஒரு மனுசனயும் காணலியே மருமவனே. கோயிலுக்கு ஆரு வருவா?"

"எல்லாரும் முன்னமே போயிருப்பாவ மாமி."

9.35க்கு வண்டி நின்றது. நான்கு சுவர்கள் இருந்தன. வாசல் இருந்தது, கதவு இல்லை. சன்னல்கள் வழியே மலை தெரிந்தது. மேலே வானம். போதகர் நிற்க வேண்டிய இடத்தில், சுவரோர நிழலில், ஒரு கங்காரு படுத்திருந்தது. எங்களைப் பார்த்து அது எழுந்திருக்கக்கூட இல்லை.

"அளியா, வண்டிய இங்கயே நிறுத்தவா, உள்ள கொண்டு போடவா?" என்றார் அளியன்.

"ஒங்க பொஸ்தவத்துல கூரை இருந்துதா?" என்றாள் ஜெபா.

நான் பிரதியைப் புரட்டினேன். மழையை நம்பி வந்து கோதுமை விதைத்தவர்கள், மழை பொய்த்ததும் ஊரையே விட்டுப் போனது அடுத்த அத்தியாயத்தில் இருந்தது. நான் அதைப் பிரதி எடுத்திருந்தேன். படிக்கவில்லை.

மாமி உள்ளே போய், இடிந்த கல்லொன்றைத் தட்டிவிட்டு உட்கார்ந்து பாடத் தொடங்கினார். நாங்களும் பாடினோம். வாயைத் திறந்தால் ஈ போனது. இரண்டாம் சரணத்தில் நான் ஒன்றை விழுங்கினேன்.

"நான் வேணும்னா நடந்தத அப்படியே எழுதி சீட்டு தாறேன் மாமி."

"ஒப்பு ஆரு போடுவா? அந்தக் கங்காருவா?"

திரும்பி வந்து சேர்ந்தபோது மணி 11.20. நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு நேர் எதிரே, சிறிய கோயில் ஒன்றின் கதவைப் போதகர் பூட்டிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அங்கே ஆராதனை நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் கூரையில்லாத சுவர்களுக்குள் ஈயை விழுங்கிக்கொண்டிருந்தேன். அளியன் ஓடிப்போய் நிலைமையைச் சொன்னதும், போதகர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

மாமி அவர் கையைத் தடுத்துவிட்டார். "கேக்காத ஆராதனைக்குச் சீட்டு வாங்கப்பிடாது மக்கா. அவரு நல்ல மனுசன், அவரையும் பொய் எழுத வைக்காண்டாம்." பிறகு புடவையிலிருந்த செம்மண்ணைத் தட்டினார். அது போகவில்லை.

சால்வை இல்லை. மறு ஆண்டு மாமி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

போன மாதம் அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. நாகர்கோவிலில் நல்ல மருத்துவமனை ஒன்றை விசாரித்து, நேரம் குறித்து, நானே வண்டி ஓட்டிப் போனேன். வாசலில் நிறுத்தியும் மாமி இறங்கவில்லை.

"மருமவன் பாத்த எடமா?"

"ஆமாம்மா," என்றாள் ஜெபா.

"ஏட்டி, நீ மொதல்ல எறங்கி கூரை உண்டான்னு பாத்துட்டு வா."

அவள் இறங்கி, உள்ளே போய், அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "உண்டும்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் மாமி காலைக் கீழே வைத்தார்.