ஜோடி தேடிய நத்தைக்காரன்

நத்தைக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட ஆம்பளை உலகத்திலேயே ஒருத்தன்தான். அவனும் எங்கள் ராயபுரத்துக்காரன். எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் அவனுக்கே மறந்துபோயிருந்தது. தெருவுக்கு அவன் 'ஜோடி'.

அறுபதுகளின் கடைசி அது. ஜோடி துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தான். என் எதிர் போர்ஷன். ஷிஃப்ட் முடிந்தால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். இவன் எண்ணூர் கழிமுகத்துக்குப் பஸ் ஏறுவான். அங்கே சேற்றோரம் பட்டாணி அளவு நத்தைகள் ஊரும். ஒன்றின் ஓட்டில் வரிக்குதிரைக் கோடு, இன்னொன்றில் அலை, வேறொன்றில் புள்ளி. ஒன்றைப்போல் ஒன்று இருக்கவே இருக்காது! அதுதான் அவனுக்குப் பித்து.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று அவன் அக்கா கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

"ஒரே மாரி ரெண்டு நத்தை கெடச்சா அன்னிக்கே கட்டிக்கிறேன். மாதா மேல சத்தியம்!" என்றான் வீம்புக்கு.

அடுத்த மாதமே காசிமேட்டு மீன் ஏலக்காரரின் தங்கை ஸ்டெல்லா மேல் காதல் வந்து தொலைத்தது. அவளுக்கும் சம்மதம், அண்ணனுக்கும் சம்மதம். மாதா மேல் செய்த சத்தியமாயிற்றே, மீற முடியுமா? அன்றிலிருந்து ஜோடி நத்தை தேடித் தேடியே அந்தப் பட்டப்பேரும் வந்தது.

பிடித்ததையெல்லாம் பக்கெட்டில் போடுவான். அவை தண்ணீரில் தங்காது, மேலே மேலே ஏறும். ஒரு காலை வீட்டுக்காரம்மா அலறினாள். அவள் வீட்டு அந்தோணியார் படத்தின் கண்ணாடியில், சரியாக நெற்றி நடுவில், ஒரு நத்தை! "அற்புதம்!" என்று மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டாள். ஜோடி போய் அதைப் பிய்த்தெடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "இது வேற டிஜைன்மா" என்று உதட்டைப் பிதுக்கினான்.

ஏலக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. திருவொற்றியூரில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்தார். வருகிற ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் அறிவித்துவிட்டால் தீர்ந்தது கதை.

ஸ்டெல்லா நேரே ஜோடி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"யோவ், நத்தை கெடைக்கலன்னா நான் இன்னா, கன்னியாஸ்திரியா பூடணுமா?"

"சத்தியம் கீதே ஸ்டெல்லா..."

"உன் சத்தியத்துல மண்ணப் போட!"

சனிக்கிழமை தெருவே எண்ணூர் பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் மிரண்டார். "இன்னாபா, எண்ணூர்ல திருவிழாவா?"

"கல்யாணம் நைனா! பொண்ணு ரெடி, மாப்ள ரெடி. நத்ததான் பாக்கி!" என்றேன்.

முழங்கால் சேற்றில் கிடந்தோம். "தோ, கெடச்சிச்சி!" என்று யாராவது கத்த, ஜோடி விழுந்தடித்து ஓடுவான். "ஒரு கோடு ஜாஸ்தி." மறுபடி சேறு. பொழுது சாய்ந்து தண்ணீர் ஏற ஆரம்பித்தபோதும் அவன் குனிந்த தலை நிமிராமல் தேடிக்கொண்டிருந்தான்.

ஸ்டெல்லா மட்டும் சேற்றில் இறங்கவில்லை. கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். கையில் ஈர்க்குச்சி, மடியில் மீன்கூடைக்குப் பேர் எழுதும் கறுப்பு பெயிண்ட் டப்பா! என்னை முறைத்தாள். நான் ஏன் வாயைத் திறக்கிறேன்?

"ஜோடி கெடச்சிச்சி!" என்று ஓடிவந்தாள்.

ஜோடி இரண்டையும் வாங்கிப் புரட்டினான். அலைக்கு அலை, கோட்டுக்குக் கோடு. கட்டைவிரலைப் பார்த்தான், கறுப்பாக ஒட்டியிருந்தது. ஸ்டெல்லாவை ஒரு பார்வை பார்த்தான். விரலை மெதுவாக லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"அச்சு அசல்!" என்று கத்தினானே பார்க்கணும், கழிமுகத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

பஸ் நிறையச் சாட்சி. ஏலக்காரரால் என்ன செய்ய முடியும்? ஞாயிறு ஓலையில் ஜோடியின் பேர்தான்.

"சத்தியம் இன்னா ஆச்சி மாமு?" என்று காதைக் கடித்தேன்.

"மாதா கோச்சிக்கமாட்டாங்கடா. அவங்களும் பொம்பளதானே."

அந்த இரண்டு ஓடுகளும் கல்யாண போட்டோவுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் இன்றும் இருக்கின்றன. வருஷா வருஷம் ஒன்று மட்டும் வெளுக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால், வீட்டில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து ஸ்டெல்லா அதற்கு ஈர்க்குச்சியால் கோடு போடுவாள். அலமாரியில் பெயிண்ட் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்கிறவன் ஜோடி.