ஏழாம் நம்பர் சட்டைக்கு நாற்காலி போடலாமா?

மிசிசிப்பி,
நவம்பர் 14, வெள்ளி.

மதிப்புக்குரிய மச்சான் ஹார்லன் கிட்ரி அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஒடெட்டின் கணவன் ரூபன், தொண்டை கட்டிய நிலையில் எழுதிக்கொள்வது. லூசியானாவில் நீங்களும் அக்காவும் மகள் செலெஸ்ட்டும் சுகம் என்றே நம்புகிறேன். நான் சுகமில்லை. மூன்று நாளாக மழையில் நின்று பிறத்தியார் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கிறேன். தொழில்முறை ஃபுட்பாலுக்கு ஆள் பொறுக்குகிறவனுக்கு அதற்குத்தான் எங்கள் அணி சம்பளம் தருகிறது.

செலெஸ்ட் கட்டினால் லாவெல் பிக்கெட்டைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள், அவன் கல்லூரி ஃபுட்பாலில் கார்னர்பேக் என்பதைத் தவிர உங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஏப்ரல் தேர்வில் தொழில்முறை அணி எதுவும் அவனை எடுக்குமா, எடுக்கும் என்று நான் சொன்னால்தான் நன்றி நாள் விருந்தில் அவனுக்கு நாற்காலி, இல்லையென்றால் கல்யாணப் பேச்சே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். வேலையோடு வேலையாக விசாரித்துவிட்டேன். சொந்தம் என்று பார்க்காமல் சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் கல்லூரி அச்சடித்த ஆட்டக்காரர் புத்தகத்தில் அவன் நம்பர் ஏழு. தலைக்கவசத்துக்குள் முகம் தெரியாது என்பதால் வழக்கம்போல் கடைசி நாலு ஆட்டங்களின் படத்தைப் போட்டு ஏழாம் நம்பரையே பார்த்தேன். கார்னர்பேக்குக்கு என்ன வேலை, பந்தைப் பிடிக்க ஓடுகிற எதிரணிக்காரனை விடாமல் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும், அதிலும் பாதித் தூரம் பின்பக்கமாக. முதல் ஆட்டத்தில் காளை மாதிரி முட்டினான், ஆனால் திரும்பத் தெரியவில்லை. அடுத்ததில் திரும்பினான், முட்டப் பயந்தான். மூன்றாவதில் ஆளே இரண்டு அங்குலம் குறைந்து தெரிந்தான், கேமராவைக் குறை சொல்லி எழுதிவைத்தேன். நாலாவதில் சொந்தக் காலே தடுக்கி விழுந்தான். வாரத்துக்கு ஒரு குணம், மச்சான். எதிரணிகளும் இதை மோப்பம் பிடித்துவிட்டன, மைதானத்துக்கு மறுபக்கமே இல்லாததுபோல எல்லாப் பந்தையும் இவன் பக்கமே எறிந்தார்கள். இன்னொன்று, செலெஸ்ட்டிடம் இப்போது சொல்ல வேண்டாம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கையாட்டுகிறான். நாலு ஆட்டம், நாலு பெண்கள். ஒருத்திக்கு ஐம்பது வயதிருக்கும்.

சரி, படம் பொய் சொல்லலாம், ஊர் பொய் சொல்லாது என்று நேரில் வந்தேன். பெயரைச் சொல்லி விசாரித்தால் மற்ற அணிகளின் ஆட்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் எங்கள் தொழிலில் நம்பரை மட்டும்தான் சொல்லுவோம். சாப்பாட்டுக் கூடத்துச் சமையல்காரம்மாவிடம் கேட்டேன். "ஏழா? அடேயப்பா! நாலு தட்டு கிரிட்ஸ் கஞ்சி தின்னுட்டு அஞ்சாவது கேக்கிற பிள்ள" என்றாள். துணி துவைக்கிறவரிடம் கேட்டால், "அவனா? ஆட்டத்தன்னிக்கு ஒரு வாய் இறங்காது சார். பயத்துல வாந்தி எடுத்துட்டு இருப்பான்" என்கிறார். வீட்டு வாசலில் ஒரு முகம், கொல்லையில் ஒரு முகம். இப்படிப்பட்டவனுக்கா பெண்ணைக் கொடுப்பது?

நேற்றுப் பயிற்சியில் மழை வலுத்தது. முப்பத்தெட்டாம் நம்பர் போட்ட பையன் ஒருவன் தன் முறை வராத நேரமெல்லாம் எனக்குக் குடை பிடித்தான். முறை வந்ததும் குடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், எதிரில் ஓடினவனின் இடுப்போடு தைத்த மாதிரி ஓடி, பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து குடையை வாங்கிக்கொண்டான். எட்டு முறை. என் பட்டியலில் அந்த நம்பர் இல்லாததால் நான் எழுதவில்லை. "ஏழாம் நம்பர் எப்படிப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"இந்த வாரம் நல்லா ஆடுவான் சார்."

"போன வாரம்?"

"போன வாரமும் நல்லாத்தான் சார் ஆடினான். கொஞ்சம் விழுந்தான், அவ்வளவுதான்."

கூட ஆடுகிறவனே இப்படி மென்று விழுங்குகிறான். ஆகவே என் முடிவு: எந்த அணியும் எடுக்காது, நாற்காலி போடாதீர்கள். அணிக்கும் மதியமே இதைத்தான் அனுப்பிவிட்டேன். செலெஸ்ட் அழுவாள், உங்கள் தங்கை என்னோடு ஒரு வாரம் பேசமாட்டாள், இரண்டையும் தாங்கிக்கொள்ளலாம். வான்கோழியின் கால் துண்டு ஒன்றை எனக்கு எடுத்துவையுங்கள். வீட்டில் எல்லோரையும் ஆண்டவர் காப்பாராக. உங்கள் முழங்கால் வலியையும் அவர் கொஞ்சம் பார்க்கட்டும்.

அன்புடன்,
ரூபன் ஆர்செனோ

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டுக் கெளுத்தி மீன் வறுவல் தின்னப் போனேன். கல்லூரியில் சட்டை எடுத்துக்கொடுக்கும் கிழவர் வூட்டன் பக்கத்து மேசையில் இருந்தார். பேச்சுவாக்கில் ஏழாம் நம்பரைக் கேட்டேன்.

"எந்த வாரத்து ஏழு?" என்றார்.

மீனை வைத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன், மச்சான். அவர் சொன்னது இதுதான். இந்தக் கல்லூரியில் ஏழு என்பது மரியாதைச் சட்டை. ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு ஒருவனுக்குக் கொடுப்பது. லாவெலுக்குக் கொடுத்தார்கள். ஒரே வாரம் போட்டான். பிறகு கோச்சிடம் போய், "சில பசங்க நாலு வருஷமா பெஞ்சிலயே உக்காந்து இருக்கானுங்க கோச். ஆளுக்கு ஒரு சனிக்கிழமை இதைப் போட்டு எனக்கு எதிர் மூலையில ஆடட்டும், அவனவன் அம்மா வந்து பாக்கட்டும்" என்றானாம். கிழவரிடம் மிச்சம் கிடந்த பழைய சட்டையை வாங்கிக்கொண்டான். முப்பத்தெட்டு.

நான் பார்த்தது நாலு பையன்களை. அந்த நாலு பெண்களும் நாலு அம்மாக்கள். மறுபக்கம் பந்து போகாததற்குக் காரணம், அங்கே லாவெல் நின்றான்.

பத்தொன்பது வருடத் தொழிலில் இப்படி வெட்கப்பட்டதில்லை. முதலாளிக்கு போன் போட்டுத் திட்டு வாங்கிவிட்டேன், நாளைய ஆட்டத்தை முதலிலிருந்து பார்க்கப்போகிறேன். அணிகள் எடுக்குமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. யார் கண்ணிலும் படாமல் கடைசி வருடத்தை ஓட்டியிருக்கிறான், கிறுக்கன். கடிதத்தைத் திருத்தி எழுத விடுதியில் தாள் இல்லை. நாற்காலியைப் போடுங்கள். கால் துண்டும் அவனுக்கே. இரண்டு மணி நேரம் குடை பிடித்தான், அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.