டாக்டரம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த பிரமோஷன்

சாமியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் வைத்திருந்தால், எட்டாம் வகுப்போடு நின்ற நான் அதற்காகவாவது ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருப்பேன். தெரியாமல்தான் கேட்டேன். கேட்டதைச் சாமி கொடுத்தும் விட்டார். அதுதான் வினை.

எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் எனக்குப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வியாபாரம். என் மனைவி வேலுத்தாய்க்கு மார்பில் ஒரு கட்டி. பல மாதம் என்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். (சொன்ன பிறகு நான் ஒரு மாதம் வேப்பிலை அரைத்துப் பூசினேன். அதை விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை.) கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற பெரிய ஆஸ்பத்திரி. புற்றுநோய் என்று அங்கேதான் வாய்விட்டுச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் வேலுத்தாய் அழவில்லை. கீழே வைத்திருந்த கூடைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பஸ் வந்துவிட்ட மாதிரி.

அவளைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. உதவிப் பேராசிரியர். மார்பை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடிப்போகாமல், வேலுத்தாய் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம்தான் இவள் அழுதாள். அழுது முடித்து, "இவுக கையால செஞ்சாத்தான் நான் மேஜையில படுப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

படுக்கத் தயார்தான். மேஜைதான் கிடைக்கவில்லை.

அந்த வார்டுக்கு ஆபரேஷன் வியாழக்கிழமை மட்டும். டாக்டரம்மாவுக்கு மேலே சீஃப் என்று ஒருவர் இருந்தார். அவருடைய நோயாளிகள் முடிந்த பிறகுதான் டாக்டரம்மாவின் நோயாளிகள். மத்தியானம் தாண்டினால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் கிளம்பிவிடுவார். வேலுத்தாயைப் பட்டினி போட்டு, பச்சை அங்கி மாட்டி, தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், மூன்று வியாழக்கிழமை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை கட்டிலில் வந்து விழுந்தவள், "கல்யாணத்துக்குக்கூட என்னைய ஒரு தடவைதான் ஜோடிச்சாக" என்றாள்.

கட்டி மட்டும் யாருக்கும் காத்திருக்கவில்லை. தொட்டால் எனக்கே தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் தன் அக்காவைச் சேர்த்திருந்த, வீரசோழன் ஊர்க்காரரான பாய்தான் எனக்கு விளக்கினார். "அண்ணாச்சி, இங்க யாரு நல்லா செய்வாகங்கிறது கணக்கில்ல. யாரு நாற்காலி பெருசுங்கிறதுதான் கணக்கு. நம்ம அம்மா சீஃப் ஆனாத்தான் நமக்கு மொத மேஜை."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. கடையிலும் அதுதானே. மூட்டையைத் தூக்குகிறவர் யாராக இருந்தாலும், எந்த வண்டிக்கு முதலில் ஏற்றுவது என்று கல்லாவில் இருப்பவன்தான் சொல்கிறான். டாக்டரம்மாவைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டால் தீர்ந்தது. பெரிய மனிதர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. சாமியைத் தெரியும்.

அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் வேண்டுமே. டாக்டரம்மாவிடமே போய் நட்சத்திரம் கேட்டேன். "யாருக்கு அண்ணாச்சி பொண்ணு பாக்குறீங்க? என் பையனே எட்டாவது படிக்கிறான்" என்று சிரித்துவிட்டு, கேட்டை என்று சொன்னார்கள்.

திருச்சுழிக் கோயிலில் கண்ணீர் வழிய நின்றேன். இந்த அம்மா தலைமை டாக்டர் ஆக வேண்டும், சீக்கிரம் ஆக வேண்டும், ஆகிவிட்டால் மொட்டை போட்டு அங்கப்பிரதட்சணம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். லாரிக்காரரிடம் லோடு இறக்க வேண்டிய ஊரையும் தெருவையும் இரண்டு தடவை சொல்லி அனுப்புகிறவன் நான். எந்த ஆஸ்பத்திரிக்குத் தலைமை என்று சாமியிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் பாய் கையில் டீத் தம்ளரோடு எதிரே வந்தார். அம்மாவுக்குப் பிரமோஷன் ஆர்டர் வந்துவிட்டது, பெரிய டாக்டர் ஆகிவிட்டார்கள் என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. நேர்ந்ததைத் தள்ளிப்போட்டால் தெய்வக் குற்றம். வேலுத்தாயைக்கூடப் பார்க்காமல் திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

அப்போது சித்திரை வெயில். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றித் தெரியாதவர்கள் பிரகாரத்துக் கல்லில் ஒரு தடவை உருண்டு பார்க்கலாம். ஈர வேட்டி பாதிச் சுற்றிலேயே காய்ந்துவிட்டது. தலை சுற்றி நான் வந்த வழியே திரும்பி உருள ஆரம்பித்துவிட்டேனாம். கோயில் ஆள் ஒருவர் பிடித்துத் திசை மாற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் மொட்டைத் தலையில் சந்தனம், தோல் உரிந்த முழங்கை, கையில் ரோஜா மாலை, கல்கண்டுப் பொட்டலம். இந்தக் கோலத்தில் வார்டுக்குள் நுழைந்தேன். சீஃபும் டாக்டரம்மாவும் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம். நான் நேரே போய் மாலையை டாக்டரம்மா கையில் கொடுத்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"நான்தாம்மா வேண்டிக்கிட்டேன். சாமி குடுத்துட்டாரு."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"நீங்க சீஃப் ஆகணும்னு."

டாக்டரம்மா மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஆயிட்டேன். இங்க இல்ல, வேற ஊர்ல. நாளைக்கு நான் போகணும்."

அந்த உத்தியோகத்தில் பிரமோஷன் என்றால் ஊர் மாற்றமும் சேர்ந்தே வரும் என்பது வார்டு கூட்டுகிறவர்வரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புண்ணாக்கு வியாபாரிக்குத் தெரியவில்லை. இதற்கு முன்னால் வந்த பிரமோஷன்களை இந்த வார்டுக்காகவே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்களாம். இந்தத் தடவையும் மறுத்தால் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தலைக்கு மேலே போய்விடுவார்கள். போகிற இடத்திலோ புற்றுநோய்க்குத் தனி வார்டே கிடையாது. "நான்தான் ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் ஃபைலுதான். மேல போகப் போக கத்தி கையை விட்டுப் போயிருது" என்றார்கள், என்னிடம் இல்லை, சீஃபிடம்.

சீஃப் என் மொட்டையைப் பார்த்தார். இந்த வியாழக்கிழமை தன்னுடைய முதல் மேஜையை வேலுத்தாய்க்காக டாக்டரம்மாவுக்கு விட்டுக் கொடுத்திருந்தாராம், ஆர்டர் வருவதற்கு முன்பே. "என் நட்சத்திரத்தை மட்டும் கேட்டுராதீங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் சர்வீஸ் பாக்கி இருக்கு" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலுத்தாய் சிரிக்கவில்லை. "என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள். அவ்வளவுதான்.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து, தனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்ததே சீஃப்தான் என்று எடுத்துச் சொன்னார்கள். வியாழக்கிழமை சீஃப்தான் செய்தார். நன்றாகத்தான் செய்தார். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் சில மாதத்தில் வேலுத்தாயின் வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கிவிட்டது. ரவிக்கைக் கை ஏறவில்லை. குடம் தூக்க முடியவில்லை.

விசாரித்துக்கொண்டு டாக்டரம்மாவின் புது ஊருக்கே அழைத்துப் போனேன். பெரிய அறை, பெரிய நாற்காலி. ஃபைல்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கையை விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார்கள். அக்குளில் நெறி கட்டியிருந்ததை எல்லாம் எடுத்தால் கை இப்படித்தான் வீங்கும், யார் செய்திருந்தாலும் இதுதான், தானே செய்திருந்தாலும் இதுதான் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் வேலுத்தாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நல்ல மனசு அவுகளுக்கு. அதான் அப்படிச் சொல்றாக."

அன்றைக்கே அந்தக் கைக்குப் பெயர் வைத்துவிட்டாள். "உங்க வேண்டுதலு இன்னைக்கு ரொம்பக் கனக்குது" என்பாள். பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "அம்மா, அப்பாவோட வேண்டுதலுக்கு எண்ணெய் தேய்க்கவா?" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

தொண்ணூறுகளின் நடுவில் நோய் திரும்பி வந்தது. இந்த முறை எலும்பில். கடைசி மாதங்களில் அவளால் தானாகப் புரள முடியாது. "ஏங்க, உங்க வேண்டுதலைக் கொஞ்சம் தூக்கி வையுங்க" என்பாள். இரண்டு கையாலும் தூக்கித் தலையணை மேல் வைப்பேன். கடைசியாக அவள் என்னிடம் பேசியதும் அதுதான்.

கடையை இப்போது பையன்கள் பார்க்கிறார்கள். கனத்த லோடு வந்தால், "ஏலே, வேண்டுதலு வந்திருச்சு, எறக்கு" என்று ஒருத்தனுக்கு ஒருத்தன் குரல் கொடுத்துக்கொள்கிறார்கள். சுமை தூக்க வருகிறவர்களுக்கு ஏன் என்று தெரியாது. அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. எழுந்து போய் ஒரு பக்கம் கை கொடுக்கிறேன்.