பின்வளவில் கார்மேலா

குழியைச் சுற்றி நின்றவர்கள் நான், அம்மா, அப்பா, அக்கா. இல்லாதவர்கள் வீட்டுச் சொந்தக்காரர் வின்சென்சோவும் அவர் மனைவி கார்மேலாவும். அவர்களில் ஒருவராவது நின்றிருந்தால் நாங்கள் அப்படி அழுதிருக்க மாட்டோம்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போனதோ தொல்லியல் படிக்க. (டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் அப்பாவுக்கு இது இன்றும் விளங்கவில்லை. "ரோமரைத் தோண்ட அவையின்ரை சொந்தக்காரர் இல்லையோ?" என்பார்.) அந்த வருடம் இத்தாலியில் ஒரு திராட்சைத் தோட்டத்தின் கீழே ரோமரின் குளியல் மண்டபம் அகப்பட்டிருந்தது. அதைத் தோண்டும் குழுவில் எங்கள் வகுப்புக்கு ஒரே ஓர் இடம். விரும்புகிறவர்கள் எங்காவது குழி தோண்டி, மண் அடுக்குகளை அளந்து வரைந்து வரவேண்டும் என்றார் பேராசிரியை. நான் மொன்றியலையே புரட்டிப்போடத் தயாராக இருந்தேன்.

ஏப்ரல் மாதம். செயின்ட்-மிஷேலில் எங்கள் வாடகை வீட்டுப் பின்வளவு கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு மூலை மட்டும் இளகியிருந்தது. மண் இளகியிருந்தால் முன்பே யாரோ தோண்டியிருக்கிறார்கள், பாடத்தில் படித்தது. பெருமிதத்துடன் இறங்கினேன். மண்ணுக்குக் கீழே பலகை. பலகைக்குக் கீழே காய்ந்த இலைகள். அதற்கும் கீழே, பழைய கம்பளத்தில் சுற்றிக் கயிற்றால் கட்டி, ஓர் ஆள் நீளத்துக்கு ஒன்று.

கார்மேலாவை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. டிசம்பரில் சாவி தந்தபோது, மனைவி முன்னமே புளோரிடா போய்விட்டார் என்று வின்சென்சோ சொல்லியிருந்தார்.

அக்கா தொலைபேசியை எடுத்தாள். அம்மா தடுத்தார்.

"முதல் செபம். பேந்து பொலிஸ்."

அம்மா செபமாலை சொன்னார், அப்பா தொப்பியைக் கழற்றினார், நான் விம்மிக்கொண்டே அளவெடுத்தேன். (இடம் ஒன்றே ஒன்றுதானே.)

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. வின்சென்சோ இறங்கினார். பின்னால் கார்மேலா, வெயிலில் கறுத்து, பூரண சுகத்துடன். யார் செத்தது என்று பிரெஞ்சில் கேட்டார். அவரிடமே அதை எப்படிச் சொல்வது?

வின்சென்சோ கயிற்றை அவிழ்த்தார். உள்ளே ஓர் அத்தி மரம். குளிருக்குத் தாங்காது என்று ஒவ்வொரு இலையுதிர்காலமும் சரித்துப் புதைப்பார்களாம். கிளை நுனியில் பச்சை மொட்டு. "என்ரை மரத்துக்காக இதுவரை ஒருத்தரும் செபிச்சதில்லை" என்று அவர் கண்ணைத் துடைத்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

பேராசிரியை என் படத்தைப் பார்த்துச் சிரித்து முடிக்கவே நேரம் எடுத்தது. கம்பளத்தைப் பிரிக்காமல் நிறுத்தி, இருந்ததை இருந்தபடி வரைந்தவன் நான் மட்டும்தானாம். இடம் எனக்கே. அந்தக் கோடையில் ரோமரின் செங்கல் தரை என் மண் சுரண்டும் கரண்டியின் கீழே முதன்முதலாக வெளிச்சம் கண்டபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குழிக்காரன் கரண்டியைத் தவறவிட்டான்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது வரப் பிந்தினால், "பின்வளவைத் தோண்டிப் பார்" என்பார்கள். அன்று செபமாலை தொடங்க முன்னமே அம்மா தொலைபேசியில் கார்மேலாவின் ஆத்துமாவுக்காகக் கோயிலில் பூசைக்கும் சொல்லிவிட்டிருந்தார். நிறுத்தப் போனபோது கார்மேலாவே விடவில்லை. எப்படியும் ஒருநாள் தேவைப்படும்தானே என்றார். பெயர் வாசிக்கும்போது முன்வரிசையில் இருந்து தலையாட்டினார். காணிக்கை, அம்மாவின் இருபது டொலர்.