வெள்ளை வந்தா மோகனூர்

இந்த ஒரு தடவையாச்சும் என்ற பேச்சுத்தான் நிக்கோணும்னு முடிவு பண்ணிட்டேனுங்க. இருவது வருசக் குடித்தனத்துல எந்தச் சட்டையைப் போடறதுன்னுகூட நா முடிவு பண்ணினதில்ல. அது போவட்டும். ஆனா குடியிருக்கற ஊடுங்கறது ஆம்பளை முடிவு பண்ற சமாச்சாரம். இதை என்ற சம்சாரம் ரஞ்சிதா முன்னாடி சொன்னதில்லீங்க. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

நாமக்கல்ல நாங்க குடியிருந்த ஊட்டுக்காரர் பெரியசாமிண்ணன் பையனுக்குக் கண்ணாலம் வெச்சுட்டார். "வைகாசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க பூபதி"ன்னார். வைகாசியில மிச்சமிருந்ததே பத்து நாளு. அதைத் தாண்டினா ஆனி. 'ஆனி அடியெடுக்காதே, கூனி குடி போகாதே'ன்னு பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. அதையும் தாண்டினா ஆடி. ஆடியில ஆருங்க குடி போவாங்க? விட்டா ஆவணி வரைக்கும் நானும் ரஞ்சிதாவும் பஸ் ஸ்டாண்டுல கட்டிலைப் போட்டுப் படுத்துக்கோணும்.

ஊடு கெடைக்காம இல்ல. ரெண்டு கெடைச்சுது. வெனையே அதுதான்.

ஒன்னு ரஞ்சிதா பார்த்தது. டவுனுக்குள்ள, மாடியில, ரெண்டு ரூமு. ரஞ்சிதா சமையல்கட்டுக்குள்ள போனா நா ஹாலுக்கு வந்துரோணும், அத்தனை விசாலம். வாடகை பதினொன்னாயிரம். இன்னொன்னு நா பார்த்தது. மோகனூர்ல, காவேரிப் பக்கம். நாலு ரூமு, கெணறு, மூணு தென்னை மரம். வாடகை அஞ்சாயிரத்து ஐநூறு. இதுல ரோசனை பண்ண என்னங்க இருக்குது?

"பாதி வாடகை அம்மிணி! சரிபாதி!"

"வாடகை பாதி. தூரம் எத்தனை மடங்குங்க?"

"பதினெட்டுக் கிலோமீட்டரெல்லாம் ஒரு தூரமா? நம்மூரு லாரிக்காரன் ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் நடுவுல நானூறு போறான்."

"அவனுக்கு மொதலாளி டீசல் போடறார். உங்க வண்டிக்கு ஆரு போடுவா?"

"பஸ்ஸு இருக்குதல்ல?"

"ஆறு மணிக்கு நா லேப்ல நிக்கோணும். அந்நேரத்துக்கு ஆரு பஸ்ஸு உடறா?"

ரஞ்சிதாவுக்குத் தனியார் ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கற வேலை. ஊர் சனத்துக்கு ஊசி போட்டு எடுப்பா. எனக்கு ஊசி தேவைப்பட்டதில்ல.

"நாலு மணிக்கே எந்திரிச்சாப் போச்சு"ன்னேன்.

"ஆரு, நீங்களா?"

நா மேல பார்த்தேன். மின்விசிறியில ஒட்டடை இருந்துச்சு.

"நாலு மணிக்கு எந்திரிச்சு, சோறாக்கி, உங்களுக்கு டப்பா கட்டி வெச்சுட்டு, இருட்டுல ரோட்டுக்கு நடந்து போயி நிக்கோணும். ரெண்டு நாளு லேட்டாப் போனா சம்பளத்தைப் புடிப்பாங்க. மூணாவது நாளு வேற ஆளைப் போட்டுருவாங்க. அந்தச் சம்பளமும் போச்சுன்னா மகளுக்கு ஹாஸ்டல் பீஸை எதுலீங்க கட்டறது? ஊடு சல்லிசு சல்லிசுங்கறீங்களே, வாடகை மட்டுந்தான் ஊட்டுச் செலவா?"

கடைசியில அவ கொரலு ஒடைஞ்சு போச்சுங்க. சரி போ, டவுனுக்கே போலாம்னு சொல்ல வாயைத் தொறந்துட்டேன். அப்பப் பாத்துத்தான் கார் ஞாபகம் வந்துச்சு.

கார் சங்கதி ரஞ்சிதாவுக்குத் தெரியாது. நா வேலை செய்யற லாரி பாடி கட்டற பட்டறையில கோகுல்ராஜ்னு ஒருத்தன். அவன்கிட்ட ஒரு பழைய காரு, சந்தனக் கலருல. தெனமும் மத்தியானச் சோத்தை அதுக்குள்ள உக்காந்துதான் நா திங்கறது. ஸ்டியரிங் மேல கையை வெச்சா எறக்க மனசு வர்றதில்லீங்க. மோகனூர் ஊட்டுல கார் நிறுத்த ஒரு கொட்டகை இருக்குது. வாடகையில மிச்சம் புடிக்கறதைக் காருக்குத் தவணை கட்டிருவேன். ஊடு தூரம், அதனால கார் வேணும். கார் வேணும், அதனால ஊடு தூரத்துல இருக்கோணும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு இடிக்கவே இல்ல. வாங்கிக்கறேன்னு கோகுல்ராஜுக்கு வாக்கும் குடுத்துட்டேன்.

அதனால தொறந்த வாயை மூடிட்டு, "மோகனூர்தான்"ன்னேன்.

அப்புறம் மூணு நாளு ஊட்டுக்குள்ள பேச்சு மூச்சில்ல. சாம்பார்ல உப்பில்ல. ஏன்னு கேட்டா, "மிச்சம் புடிக்கறேனுங்க"ங்கறா. ரெண்டு ஊட்டுக்காரங்களும் மாத்தி மாத்திப் போன் பண்றாங்க. "ஞாயித்துக்கெழமைக்குள்ள அட்வான்ஸ் வரலீன்னா வேற ஆளுக்கு உட்டுருவம்"ங்கறாங்க. பெரியசாமிண்ணன் கண்ணாலப் பந்தல்காரனைக் கூட்டிட்டு வந்து, நா குளிச்சுட்டு நிக்கறப்பவே வாசலை அளக்கறார்.

சனிக்கெழமைதான் அந்த ரோசனை உதிச்சுது. இப்படியொரு மூளையை வெச்சுக்கிட்டு லாரிக்கு ஆணி அடிச்சிட்டிருக்கறமேன்னு என்ற மேலயே எனக்குப் பரிதாபமாப் போச்சுங்க.

எங்க பக்கம் ஒரு பழக்கம். மனுசனால முடிவு பண்ண முடியாததைக் குலசாமிகிட்டப் பூக் கேட்டு முடிவு பண்ணுவோம். ஒரு பொட்டலத்துல வெள்ளை அரளி, இன்னொன்னுல செவ்வரளி. ரெண்டையும் ஒரே மாதிரி வாழையிலைல மடிச்சு, நூலு சுத்தி, ஆத்தா காலடியில வெச்சுருவாங்க. வெவரம் தெரியாத கொழந்தையை உட்டு ஒன்னை எடுக்கச் சொல்லுவாங்க. பொண்ணு கட்டறதும் அப்படித்தான், கெணறு வெட்டறதும் அப்படித்தான். ஆத்தா குடுத்த பூவுக்கு மேல அப்பீலு கெடையாது.

"நீயும் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம். ஆத்தாகிட்டயே பூக் கேட்டுரலாம்"னேன். "வெள்ளை வந்தா மோகனூர். செவப்பு வந்தா டவுனு. என்ன சொல்றே?"

ரஞ்சிதா என்னை உத்துப் பார்த்தா.

"சரிங்க"ன்னா.

"பொட்டலம் ஆரு கட்டறது?"

"நீங்களே கட்டிருங்க. எனக்குக் காலையில டியூட்டி இருக்குது, முடிச்சுட்டு வாரேன்."

பழம் நழுவிப் பால்ல உழுந்துச்சுங்க.

ஞாயித்துக்கெழமை காலையில பூக்கடைக்குப் போயி வெள்ளை அரளி வாங்கினேன். "செவ்வரளி வேண்டாங்களா?"ன்னு பூக்காரம்மா கேட்டுது. "எங்க சாமிக்குச் செவப்பு ஆவாதுங்க"ன்னேன். ஊட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையையே வெச்சுக் கட்டினேன். கன்னத்துல போட்டுக்கிட்டேன். ஆத்தா, கார் வந்ததும் மொத சவாரி உன்ற கோயிலுக்குத்தான், கோவிச்சுக்காதேன்னு சொல்லிட்டேன்.

குலசாமி கோயில் பரமத்தி வேலூருக்குப் பக்கத்துல, வெத்தலைக் கொடிக்காலுக்கு நடுவுல. நாங்க போறப்ப ஒரு குடும்பம் கொழந்தைக்கு மொட்டை போட்டுட்டு இருந்துச்சு. பூசாரி வெள்ளியங்கிரி பொட்டலம் ரெண்டையும் வாங்கி ஆத்தா காலடியில வெச்சார். வெச்சுட்டு என்னைப் பார்த்தார்.

"நூலு நல்லாச் சுத்தியிருக்கறீங்க. போன தை மாசம் ஒருத்தன் வந்தானுங்க. ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவை வெச்சுட்டு ஆத்தாளையே ஏமாத்தப் பார்த்தான்."

"அப்புறமுங்க?"

"ஊரு கூடி அபராதம் போட்டுட்டோம். கடா வெட்டி முந்நூறு பேத்துக்குக் கறிச்சோறு போட்டான் பாவம்."

"எப்படிங்க சாமி கண்டுபுடிச்சீங்க?"

"எடுக்காததைப் பிரிச்சுப் பார்த்தோமுங்க. அதுலருந்து எடுக்காத பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டறது முறையாப் போச்சுங்க"ன்னார்.

எனக்கு மேலெல்லாம் வேர்த்துப் போச்சு. "சாமி, ஒரு பொட்டலத்துல நூலு லூசாயிட்ட மாதிரி தெரியுது. அக்கட்டால கொண்டு போயி ஒருக்கா நல்லாக் கட்டிட்டு வந்தர்றனே"ன்னு கையை நீட்டினேன். "ஆத்தா முன்னால வெச்சதைத் தொடப்படாது!"ன்னு ஒரு அதட்டு அதட்டினார் பாருங்க, மொட்டை அடிச்சிட்டிருந்தவரு கத்தியைத் தலையிலருந்து எடுத்துட்டார்.

பூசாரி விபூதியை அள்ளினார். "ஊட்டுப் பொம்பளை வாக்கைச் சத்தமாச் சொல்லுங்கம்மிணி. எந்தப் பூவுக்கு எந்த ஊடு?"

ரஞ்சிதா கையைக் கூப்பிக் கண்ணை மூடினா. "ஆத்தா, வெள்ளை வந்தா டவுனு ஊடு. செவப்பு வந்தா மோகனூர்."

"ஏய்!"னு கத்திட்டேன். "மாத்திச் சொல்றே! வெள்ளைதான் மோகனூரு!"

"அப்படியாங்க? சொல்லிட்டனே."

"சாமி, தப்பாச் சொல்லிட்டா. ஊட்டுல பேசினது வேற."

"ஊட்டுல பேசினது ஆத்தாளுக்கு எப்படிங்க தெரியும்? இங்க சொன்னதுதான் வாக்கு"ன்னார் பூசாரி. "ஏனுங்க, எந்தக் கலருக்கு எந்த ஊடா இருந்தா உங்களுக்கென்ன? பூவைக் குடுக்கறது ஆத்தா. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

மொட்டைக் குடும்பமே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. இப்ப வாயைத் தொறந்தா கடா. மூடினா காரு போச்சு. முந்நூறு பேரு எலையைப் போட்டு உக்காந்திருக்கற மாதிரியே கண்ணுல தெரிஞ்சுது. மூடிக்கிட்டேன்.

மொட்டை போட்ட கொழந்தையை எறக்கி உட்டாங்க. தலையெல்லாம் சந்தனம். அது நேரா தேங்காமுறிகிட்டப் போச்சு. பூசாரி திருப்பி உட்டார். ஒரு பொட்டலத்தை எடுத்துச்சு, கீழ போட்டுச்சு. இன்னொன்னை எடுத்துச்சு. எந்தப் பொட்டலம்னு பதறிப் பதறிப் பார்க்கறேன், ரெண்டும் ஒன்னுதான்னு மறந்தே போச்சுங்க. ஆத்தா, நீ நெசமாவே சக்தியுள்ளவளா இருந்தா உள்ளுக்குள்ளயே செவப்பா மாத்திக் குடுடின்னு மனசுக்குள்ள கெஞ்சறேன். கொழந்தை பொட்டலத்தை வாயில வெச்சுக் கடிக்கப் போச்சு. பூசாரி புடுங்கிப் பிரிச்சார்.

"வெள்ளை! டவுனு ஊடு! ஆத்தா குடுத்துட்டா!"

மணி அடிச்சாங்க. ரஞ்சிதா கண்ணுல ஒத்திக்கிட்டா. கார் என்னை உட்டுப் போயிருச்சு. ஆனா அழறதுக்கு எங்கீங்க நேரம்? பூசாரி குனிஞ்சு அடுத்த பொட்டலத்தை எடுத்துட்டார். நூலைப் புடிச்சு ஒரு சுத்து அவுத்துட்டார். தூணைப் புடிச்சுக்கிட்டேன்.

"சாமி, பிரிக்காதீங்க"ன்னா ரஞ்சிதா.

"முறைன்னு ஒன்னு இருக்குதல்லங்கம்மிணி?"

"முறைதானுங்க. ஆனா ஆத்தா குடுக்காததை நாம ஏனுங்க நோண்டிப் பாக்கோணும்? அப்படியே குடுங்க. புது ஊட்டுத் தலைவாசல்ல கட்டறேன்னு வேண்டிக்கிட்டேன்."

பூசாரிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "இந்தக் காலத்துலயும் இப்படியொரு பொம்பளையா! நீங்க குடுத்து வெச்சவருங்க"ன்னு என்னைப் பார்த்துச் சொல்லி, அவுத்த நூலைத் திருப்பிச் சுத்தி, குங்குமம் வெச்சு அவ கையில குடுத்தார். அந்த நிமிசம் அவ கால்லயே உழுந்துரலாம்னு இருந்துச்சு எனக்கு.

திரும்பி வர்றப்ப வழியில ஒரு டீக்கடையில வண்டியை நிறுத்தினேன்.

"ஏன் ரஞ்சிதா, மாத்திச் சொன்னது மறதியிலயா?"

"இல்லீங்க."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"ரெண்டும் வெள்ளைதானுங்களே?"ன்னு டீயை ஊதினா.

"ஆரு சொன்னா? பூக்காரம்மாளா?"

"ஆரும் சொல்லலீங்க."

"நா கட்டறதை எட்டிப் பார்த்தியா?"

"நா டியூட்டியில இருந்தேன்."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சுங்க. கடா தப்பிச்ச தைரியம். "அப்ப எந்த நம்பிக்கையில வந்து நின்னே? நா மட்டும் யோக்கியமா ஒன்னு வெள்ளை, ஒன்னு செவப்புன்னு கட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பே? கொழந்தை செவப்பை எடுத்திருந்தா இன்னிக்கு மோகனூரு! உன்ற வேலையும் போயிருக்கும்! புத்தியிருக்குதா உனக்கு? வெறும் பூவை நம்பிக் குடும்பத்தை வெச்சு வெளையாடுவியா?"

ரஞ்சிதா டீக் கிளாசைக் கீழ வெச்சா. முந்தானையில வாயைத் தொடைச்சுக்கிட்டா. பொட்டலத்தைப் பத்திரமாப் பைக்குள்ள வெச்சு, வண்டியில ஏறி உக்காந்து, என்ற தோளைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா:

"பூவை நம்பலீங்க, உங்களைத்தான் நம்பினேன்."