அரைவக்கீல் போட்ட நாற்காலி

ஏற்காட்டில் வக்கீல் என்றால் அரைவக்கீல்தான். முழு வக்கீல் அவருக்குப் பின்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு வருபவர். எண்பதுகளில் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது என் நாட்குறிப்பில் இப்படித்தான் எழுதினேன். இன்றும் திருத்துவதாக இல்லை.

அவர் வக்கீல் குமாஸ்தா. மனு எழுதுவார், சாட்சியைத் தேடிப் பிடிப்பார், வாய்தா நாளில் கட்சிக்காரரை எழுப்பி பஸ் ஏற்றுவார். மழை இல்லாவிட்டாலும் கறுப்புக் குடை. கேட்டால், “கறுப்புக் கோட்டுக்குத்தானுங்க எனக்குத் தடை. குடைக்கு இல்லீங்களே” என்பார்.

சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் கண்டக்டரை நீதிபதியாக்கி சாட்சிகளுக்கு ஒத்திகை நடத்துவார். கரடியூர்க்காரர் ஒருவர் பயந்துபோய்க் கண்டக்டரைக் கும்பிட்டார்.

“கையை எறக்குங்க. பதில் சொல்லப் போறீங்க, வரம் வாங்க இல்லீங்க.”

“நான் டிக்கெட் போடோணும்” என்றார் கண்டக்டர். “வழக்கை அடிவாரத்துக்கு ஒத்தி வெக்கிறேனுங்க.”

ஒருநாள் வக்கீல் வீட்டு வாசலில் ஆபீஸ் குரூப் போட்டோ. ஜூனியர்களுக்கெல்லாம் நாற்காலி. அரைவக்கீலிடம் வக்கீல், “நீ அந்தப் பக்கமா நின்னு கூட்டத்தை ஒதுக்குப்பா” என்றார்.

அவர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். திரும்பியபோது தலையில் டீக்கடை நாற்காலி. டீ குடித்துக்கொண்டிருந்த எங்களையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்: டாக்டரின் கம்பவுண்டர், சர்வேயருக்குச் சங்கிலி பிடிப்பவர், நான்.

“போட்டோக்காரரே, எங்களையும் ஒண்ணு எடுங்க.”

ஒரு ஜூனியர் சிரித்தார். “நாளைக்கு வேலைக்கு வரோணுமில்ல?”

“வரோணுங்க. நானும் வரோணும், சாட்சியும் வரோணும். நீங்க கூட்டியாறீங்களா?”

சிரிப்பு நின்றது. நாற்காலியை நடுவில் போட்டுவிட்டு அவர் எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, சேர் யாருக்குங்க?” என்றார் கம்பவுண்டர்.

“வக்கீலய்யாவுக்கு. நாம இல்லாத போட்டோவுல ஒக்காந்துட்டாரு. நாம இருக்கறதுல ஒக்கார்றாரான்னு பாக்கலாம்.”

வேலை போயிற்று என்றே நினைத்தோம். வக்கீல் படியிறங்கி வந்தார். நாற்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். உட்காரவில்லை. எங்களுக்குப் பின்னால் போய் நின்றார்.

அரைவக்கீல் திரும்பாமலே சொன்னார்: “கோட்டுப் பட்டனைப் போட்டுக்கோங்கய்யா. படத்துல தெரியும்.”

அந்தப் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நடுவில் காலி நாற்காலியைப் பார்த்து யார் வரவில்லை என்று கேட்பவர்களிடம், எல்லாரும் வந்துவிட்டோம் என்கிறேன். அரைவக்கீல் காலமாகிப் பல வருடம் ஆயிற்று. ஆனாலும் வெயில் நாளில் பஸ் ஸ்டாண்டில் கறுப்புக் குடை ஒன்று தெரிந்தால், பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து சீட்டில் என் துண்டைப் போட்டு வைக்கிறேன்.