நாற்பது யானை பிடிக்கும் கேமரா

ஒரு காட்டில், மரங்களைவிடக் கல்யாண மண்டபங்கள் வேகமாக முளைத்துவந்த காலத்தில், சடையாண்டி என்றொரு கரடி இருந்தது. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது அதன் தொழில். கூலியைத் தேனடையாக வாங்கிக்கொள்ளும். உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய கேமராவை வைத்துக்கொண்டு, முயல் வீட்டுச் சொந்தபந்தம் முந்நூறையும் ஒரே படத்தில் கண் மூடாமல் நிற்கவைத்த கரடி அது. தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்தக் காட்டில் கல்யாணம் என்றால் யானை வீட்டுக் கல்யாணம்தான். அங்கே படம் எடுத்தவரைத்தான் மற்ற வீடுகள் அந்த வருஷம் முழுக்கக் கூப்பிடும். அந்த வேலை கை நழுவினால் எலி வீட்டுக் காதுகுத்துதான் கதி. பெரியநாயகி என்ற யானை தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பது தெரிந்ததும், சடையாண்டி உடம்பு முடியெல்லாம் வாரிக்கொண்டு, ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய் நின்றது.

பெரியநாயகி ஆல்பத்தைத் திறக்கவே இல்லை. கேமராவைத் தும்பிக்கையால் தூக்கி எடை பார்த்தது. ஒருமுறை ஊதியும் பார்த்தது.

"ஏனுங்க, எங்கூட்டுல மொத்தம் நாப்பது பேருங்க. இத்தனூண்டு டப்பாக்குள்ள எப்படிங்க அடங்குவோம்?"

இதே டப்பாவில் மலையையே எடுத்திருக்கிறேன் என்று சொல்லி, சடையாண்டி அந்தப் படத்தையும் காட்டியது. மலை பேசாமல் நிற்கும், எங்கள் வீட்டு ஆட்கள் நிற்பார்களா என்று யானை கேட்டது. அதோடு, கல்யாணப் படம் எடுக்கும் குரங்கு வேலப்பனிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் இருக்கிறதாம், அதில் எட்டு யானையாவது பிடிக்கும் என்று வேலப்பனே சொன்னதாம். வேலப்பன் எடுக்கும் படத்தில் மாப்பிள்ளைக்குத் தலை இருந்தால் பெண்ணுக்கு இருக்காது. அதைப் பற்றி யானைக்குக் கவலை இல்லை. ரெண்டு நாளில் பெரிய கேமராவோடு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

சடையாண்டி வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டது. மனைவி பூவாத்தாள் நடந்ததைக் கேட்டுவிட்டு, "படம் எடுக்கறது உங்க கண்ணுங்க. டப்பா என்ன பண்ணுது பாவம்?" என்றது.

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் கரடிக்குப் புத்தி வந்திருக்கும், நாமும் நீதியை எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். சடையாண்டி திரும்பிப் படுத்தபடி, "கண்ணு எல்லாத்துக்குந்தான் இருக்குது. லென்ஸு வேலப்பங்கிட்ட மட்டுந்தான இருக்குது" என்றது.

புது லென்ஸ் வாங்க, காட்டிலுள்ள தேனையெல்லாம் கொட்டிக்கொடுத்தாலும் பத்தாது. வாசலில் ஒரு இலவமரத் துண்டு கிடந்தது. கரையான் உள்ளே தின்று தீர்த்து, வெறும் கூடாகக் கிடந்த கட்டை. சடையாண்டி அதற்குக் கறுப்புச் சாயம் பூசியது. முன்வாயில் பழைய கேமராவைப் பொருத்தி, பின்னால் நின்று கேமராவின் விசையை இழுக்க ஒரு நூலையும் கட்டியது.

அதைத் தூக்கிவர ரெண்டு காட்டெருமை வேண்டியிருந்தது. பெரியநாயகிக்கு வாயெல்லாம் பல். தாலி கட்டும் நேரத்தில் புரோகிதர் கொக்கு உட்பட மண்டபமே மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கட்டையைத்தான் பார்த்தது. தாலியைக் கட்டிவிடாமல் அப்படியே பிடிக்கச் சொன்னது கரடி. நல்ல நேரம் முடிகிறவரைக்கும் மாப்பிள்ளை யானை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. வேலப்பன் தன் முழங்கை லென்ஸைத் துண்டால் மூடிக்கொண்டு பந்திப் பக்கம் நழுவிவிட்டது.

படம் வந்தது. நாற்பது யானையும் கண் திறந்து, காது மடங்காமல் நின்றன. லென்ஸ் என்றால் இதுவல்லவா லென்ஸ் என்று காடே பேசியது. எடுத்த கரடி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சடையாண்டிக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த தை மாதம்வரை ஒரு முகூர்த்தம்கூடக் காலியில்லை என்றானதும் வலி தானாகக் குறைந்துவிட்டது.

ஆவணி பிறந்ததும் மான் வீட்டுக் கல்யாணம். வேலப்பனும் அங்கே வந்து இறங்கியது. பின்னால் நாலு காட்டெருமை தூக்கிவந்த தேக்கங்கட்டை. சடையாண்டியுடையதைவிட ரெண்டு முழம் நீளம், அதுவும் வெள்ளைச் சாயம். மான்கள் உடனே கரடியைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டன.

அங்கே வேலப்பன் எடுத்த படம் ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கிவந்து, சடையாண்டி ரெண்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்தது. தேனும் இறங்கவில்லை. பூவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"அவனுதும் வெத்துக் கட்டைதானுங்க? நம்முளுதும் வெத்துக் கட்டைதானுங்க?"

"கட்டைதான். கண்டுபுடிச்ச எனக்கே தெரியாதா?" என்றது கரடி. "ஆனா இந்தப் படத்தப் பாரு புள்ள. பின்னால காடு எவ்வளவு அழகா மங்குது. அந்த மங்கல் நம்ம இலவங்கட்டைல வரவே வராது."

அன்று மத்தியானமே கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு, காட்டிலேயே உயரமான தேக்கு எங்கே இருக்கிறது என்று விசாரித்தபடி கிளம்பியது.

நீதி: கலை கண்ணில்தான் இருக்கிறது. அடுத்தவன் கட்டை ரெண்டு முழம் நீளமாக இருக்கும்போது அந்தக் கண் வேலை செய்வதில்லை. ஆகவே முதலில் மரத்தை வெட்டு.